பியூஸ் கட்டை யாரைக் காப்பாற்றியது?

எங்கள் வீட்டு நடையில், மீட்டருக்குக் கீழே, நாற்பது வருடமாக மூன்று பீங்கான் பியூஸ் கட்டைகள் இருந்தன. பியூஸ் போனால் மெழுகுவத்தியோடு போய், கட்டையைப் பிடுங்கிக் கம்பி கட்டுவது என் வேலை. கம்பி இல்லாத இரவில் ஒயரிலிருந்து நாலு இழை உரித்துச் சுற்றியதும் உண்டு. அது எவ்வளவு தவறு என்று அப்போது தெரியாது.

போன மழைக்காலத்தில் கிரைண்டரைத் தொட்ட என் மனைவிக்கு ஷாக் அடித்தது. ஈரத் தரை, வெறுங்கால். கை உதறி விலகியதால் பிழைத்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன்: மூன்று கட்டையில் ஒன்றுகூடப் போகவில்லை.

பள்ளியில் பிரெஞ்சில் படித்த எங்களுக்கு பியூஸ் என்றால் 'ப்ளோம்', அதாவது ஈயம். ஆரம்பத்தில் ஈயக் கம்பி வைத்ததால் வந்த பெயர். எடிசன் 1880-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். மின்சாரம் அளவு மீறினால் கம்பி உருகி இணைப்பு அறுந்துவிடும். ஒயரும் விளக்கும் எரியாமல் காப்பதுதான் அதன் வேலை; மனிதனைக் காப்பதல்ல.

5 ஆம்பியர் பியூஸ் உருக 5 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். 230 வோல்ட்டைத் தொட்டவர் உடம்பில் ஓடுவது சுமார் 0.2 ஆம்பியர். ஆளைக் கொல்ல அது போதும். பியூஸுக்கு அது தெரியவே தெரியாது.

இந்த இடைவெளியை அளந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். தாமாக முன்வந்தவர்களிடம் சோதித்து, சுமார் 16 மில்லி ஆம்பியரிலேயே சராசரி ஆணால் பிடித்த கம்பியை விட முடியாமல் போகிறது என்று கண்டார். 1961-ல் கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் கருவியை உருவாக்கினார்.

இன்று நாம் ஆர்.சி.சி.பி. என்பதும் அதே வழிதான். பேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது யார் உடம்பு வழியாகவோ தரைக்குப் போகலாம் என்று கண் இமைப்பதற்குள் நிறுத்திவிடும்.

எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தபோது எர்த் கம்பியே துருப்பிடித்து அறுந்து கிடந்தது. அதைப் புதிதாகப் போட்டு, கட்டைகளுக்குப் பதில் எம்.சி.பி.யும், முன்னால் ஆர்.சி.சி.பி.யும் வைத்தார். ஒன்றை அழுத்திச் சொன்னார்: பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் இதுவும் காப்பாற்றாது.

மாதாமாதம் பென்ஷன் வரும் நாளில் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். பழைய வீட்டில் இருப்பவர்கள் மீட்டருக்குக் கீழே ஒருமுறை பாருங்கள். இன்னும் பீங்கான் கட்டைதான் என்றால், அது உங்களுக்காக வைத்ததில்லை.