கள்ளியைத் தின்ற பூச்சிக்கு ஒரு மண்டபம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், சின்சில்லாவை அடுத்த பூனார்காவில், 1936இல் திறந்த ஊர்ப் பொதுமண்டபத்துக்குக் காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் பெயரை வைத்தார்கள். காரணம் உண்டு. வேலிக்கு வளர்த்த சப்பாத்திக்கள்ளி 1925 வாக்கில் அங்கும் நியூ சவுத் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 6 கோடி ஏக்கரில் பரவியிருந்தது; வெட்டியும் நஞ்சிட்டும் தோற்ற குடியானவர்கள் நிலத்தைக் கைவிட்டுப் போனார்கள். அவ்வாண்டு அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஏறத்தாழ 2,750 முட்டைகளை ஆலன் டாட் குழுவினர் பெருக்கினர். 1926 முதல் வெளியில் விட, ஏழெட்டு ஆண்டுகளில் கள்ளிக்காடு அழுகிச் சாய்ந்தது. கள்ளியைத் தவிர வேறெதையும் தொடாத பூச்சியின் குணமே இந்த வெற்றிக்குக் காரணம் என்று சொல்வது வழக்கம். பாதிப் பெருமை அந்த மண்ணுக்குச் சேர வேண்டும் என்பேன்.

தாய்ப்பூச்சி உணவே உண்பதில்லை. சில நாள் வாழ்வுக்குள் முட்டையிடும் இடத்தைத் தேர்வதே அதன் வேலை. கள்ளி இரவில்தான் கரியமில வாயுவை உள்ளிழுக்கும். அந்த நுண்ணிய மாற்றத்தை உணரும் உறுப்பு பூச்சியின் வாயருகே இருக்கிறது. பசுமையான, தழைச்சத்து மிகுந்த மடல்களிலேயே முட்டைகள் அதிகம் விழுகின்றன. எழுபது, எண்பது முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முள்போல ஒட்டிவிடும். பொரித்த புழுக்கள் கூட்டாகத் துளைத்தால்தான் மடலின் கொழகொழப்பை மீறி உள்ளே நுழைய முடியும். ஆக, அது தேடுவது செழிப்பான கள்ளியை. களையா, காட்டுச்செடியா என்ற கணக்கு மனிதனுடையது.

விடுமுன் பயனுள்ள பல செடிகளில் புழுக்களைப் பட்டினிபோட்டுச் சோதித்தார்களே எனலாம். சோதித்தது உண்மை, முடிவும் சரி. ஆனால் ஆஸ்திரேலியாவில் மண்ணுக்குரிய கள்ளி ஒன்றுகூட இல்லை. காக்க வேண்டிய கள்ளி எது என்ற கேள்வியே அங்கு எழவில்லை. 1957இல் கரீபியத் தீவான நெவிஸில் அதே பூச்சியை விட்டபோது அந்தப் பாதுகாப்பு இல்லை. 1989இல் அது புளோரிடாவில் தென்பட்டு, அரிய நாட்டுக் கள்ளிகளையும் துளைத்தது. கள்ளிமடலைக் காய்கறியாக உண்ணும் மெக்சிகோவுக்கு, 2006இல் இஸ்லா முஹேரெஸ் தீவு வழியாக அது வந்து சேர்ந்தது. தாக்குண்ட செடிகளை அகற்றி, 2009க்குள் அங்கே அதைப் பூண்டோடு அழித்தார்கள்.