கோடியக்கரை வனவிலங்கு, பறவைகள் சரணாலயம்

நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே, சோழமண்டலக் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்பும் முனையில் உள்ளது கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. இதுவும் அடுத்துள்ள உப்புச் சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அடங்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் இடம்பெற்றது இதுவே.

இங்குள்ள உயிர்களை ஆள்வது நன்னீருக்கும் உப்புநீருக்கும் இடையிலான சமநிலை. ஐப்பசி, கார்த்திகை மழை சதுப்பின் உப்பைத் தணிக்கிறது. மீன் குஞ்சுகளும் இறால்களும் பாசியும் பெருகுகின்றன. மழை ஓய்ந்து நீர் வடிய வடியச் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும். வட ஆசியாவிலிருந்து வலசை வரும் உள்ளான்கள் அந்தச் சேற்றைக் கிளறிப் புழுக்களைத் தின்னும். பூநாரைகள் வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி நுண்ணுயிர்களை வடித்தெடுக்கும். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கு பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழித்தடத்தை ஆராய்ந்துவருகிறது.

பாலை, நாவல், உகா மரங்கள் வளரும் வறண்ட பசுமைமாறாக் காடு மணல்மேடுகளின் மேல் நிற்கிறது. மணல் உறிஞ்சிய மழைநீரே விலங்குகளின் குடிநீர். கடலோரக் காடுகளில் இந்த வகை பெரும்பாலும் அழிந்துவிட்டதால், எஞ்சியிருக்கும் இக்காட்டின் மதிப்பு அளவிடற்கரியது. வெளிமானுக்கோ திறந்த புல்வெளிதான் வேண்டும்; கண்ணையும் கால்வேகத்தையும் நம்பிப் பிழைக்கும் விலங்கு அது. அந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் மூடிவருகிறது. அதன் நெற்றுகளைத் தின்னும் கால்நடைகளும் காட்டில் திரியும் குதிரைகளுமே விதையைப் பரப்புகின்றன. குதிரைகள் மானின் புல்லுக்கும் போட்டியிடுகின்றன. காவிரிக் கிளைகளின் நீர்வரத்துக் குறைவும் உப்பளங்களின் விரிவும் சதுப்பின் உப்பைக் கூட்டியுள்ளன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. மான்களும் பறவைகளும் மடிந்தன. புயலை நம்மால் தடுக்க முடியாது. நன்னீர் வரத்தையும் புல்வெளியையும் மீட்க முடியும்.

பறவைகளைக் காண டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். அதிகாலையும் மாலையும் நல்ல பொழுதுகள். தொலைநோக்கி கட்டாயம் வேண்டும். கூட்டமாகப் பறப்பதைப் படமெடுக்க நினைத்துப் பறவைகளை எழுப்பிவிடாதீர்கள். திரும்பும் பயணத்துக்காக அவை சேர்க்கும் கொழுப்பு ஒவ்வொரு விரட்டலிலும் கரைகிறது.