மணிமேகலையின் அணுவும் டால்டனின் தராசும்

அணுவை முதல்ல சொன்னது யாரு? இந்தக் கேள்வி கிளம்பினால் எங்க சங்கரன்கோவில் டீக்கடையில் ரெண்டு கட்சி பிரிந்துவிடும். "எல்லாம் நம்மாளுங்க அப்பவே சொல்லிட்டாங்க" என்பது ஒன்று. "அதெல்லாம் சும்மா கப்ஸா, விஞ்ஞானம்னா வெள்ளைக்காரன்தான்" என்பது இன்னொன்று. மூல நூலைப் புரட்டிப் பார்த்தவர்கள் ரெண்டு பக்கமும் குறைவுதான்.

புரட்ட வேண்டிய நூல் நம்ம மணிமேகலை. உ.வே.சா. 1898-ல் பதிப்பித்தது. அதன் 27-வது காதையில் மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அங்கே ஆசீவகர் ஒருவர் அணுவை விளக்குகிறார். நிலம், நீர், தீ, காற்று என நான்கு வகை அணு. ஐந்தாவதாக உயிரையும் சேர்த்துக்கொள்கிறார். ஓர் அணு இரண்டாகப் பிளக்காது. ஒன்றுக்குள் இன்னொன்று நுழையாது. நீர் அணு நில அணுவாக மாறாது. இறுகச் சேர்ந்தால் வயிரம், துளைபட்டால் மூங்கில்!

சரி, கண்ணுக்கு ஏன் தெரியலை? அந்தி நேரத்தில் ஒற்றை மயிர் தெரியாது, கற்றையாக இருந்தால் தெரியும், அது மாதிரிதான் என்கிறார். எவ்வளவு அழகான உவமை!

இன்னும் வியப்பு, கணக்கும் இருக்கிறது. ஒன்று, முக்கால், அரை, கால் என்ற வரிசையில் அணுக்கள் சேரும். எது மிகுதியோ அதன் பெயரால் பொருளை அழைப்போம் என்கிறார். டால்டனுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முந்திய சங்கதி இது.

அப்போ முதல் கட்சி ஜெயிச்சாச்சா? அவசரப்படாதீங்க.

ஜான் டால்டன் 1766-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா கைத்தறி நெசவாளி. எங்க ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டதும் ஒரு பாசம் வராமல் போகாது :-) அவர் தொடங்கியது தத்துவத்தில் இல்லை, எடையில். ஒரே அளவு கரியோடு ஆக்சிஜன் சேர்ந்து இரண்டு வாயுக்கள் உண்டாகின்றன. 12 கிராம் கரிக்கு ஒன்றில் 16 கிராம் ஆக்சிஜன், மற்றதில் 32 கிராம். சரியாக இரண்டு மடங்கு. நடுவில் 20, 25 என்று வருவதே இல்லை. ஏன்? அரை அணு என்று ஒன்று வந்து சேராது; ஒன்று சேரும், அல்லது இரண்டு சேரும். 1803-ல் நோட்டுப் புத்தகத்தில் அணு எடைப் பட்டியல் போட்டார், 1808-ல் நூலாக்கினார்.

அந்தப் பட்டியலில் தப்பும் இருந்தது. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்று வைத்துக்கொண்டார். அதனால் ஆக்சிஜனின் எடையை 1808-ல் 7 என்று போட்டார். இன்றைய கணக்கில் 16. அவகாட்ரோ 1811-ல் வழி காட்டினார். 1860-ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துச் சொன்ன பிறகுதான் குழப்பம் தெளிய ஆரம்பித்தது.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. டால்டனின் தப்பைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஏன்னா அது தராசில் ஏறக்கூடிய தப்பு. ஆசீவகர் சொன்ன முக்கால், அரை, கால் சரியா தப்பா என்று சோதிக்க அந்தக் காதையில் வழி எதுவும் இல்லை. குன்றிமணி போட்டுப் பொன் நிறுத்த நாடுதான் இது. தட்டான் கையில் இருந்த தராசுக்கு இந்தக் கேள்வி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மணிமேகலையில் இருப்பது வேதியியல் இல்லை. கப்ஸாவும் இல்லை. பொருளுக்கு அடியில் என்ன இருக்கு என்று விடாமல் யோசித்த ஒரு தமிழ் மரபின் சாட்சி அது. இல்லாத பெருமையைச் சேர்த்தால் இருக்கிற பெருமையையும் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் போதும். எது யோசனை, எது நிரூபணம் என்று அதுங்களே பிரித்துக்கொள்ளும்.

27-வது காதையை ஒருமுறை படிச்சுப் பாருங்க. உரையோடு படித்தால் அரை மணி நேரம்தான் ஆகும்.