மின்கம்பியும் கண்ணாடி இழையும்: கோலார் தங்கவயலுக்கு ‘லைன்’ வந்த வரலாறு

கோலார் தங்கவயல் தமிழில் ‘லைன்’ என்னும் சொல்லுக்கு மூன்று பொருள்கள் உண்டு. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகள் லைன். மின்சாரம் வரும் கம்பி லைன். இன்று வீட்டுக்கு வரும் இணைய இணைப்பும் லைன். சிறுநகர் ஒன்றுக்கு இழை இணையம் எப்போது, யாருக்கு வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடுவோர், இம்மூன்றுக்கும் உள்ள உறவை முதலில் பார்க்க வேண்டும்.

1902 ஜூன் 30 அன்று, காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கடந்து தங்கவயலை அடைந்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அது ஒன்று. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது 1905 ஆகஸ்டில்தான். தலைநகருக்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே சுரங்க ஊருக்கு மின்சாரம் கிடைத்ததன் காரணம் எளியது: அங்கே பணம் கட்டும் ஒருவர் இருந்தார். விறகும் நிலக்கரியும் எரித்து நீராவி எந்திரங்களை ஓட்டிய ஜான் டெய்லர் குழும நிறுவனங்களுக்கு எரிபொருட்செலவு பெருஞ்சுமை. அவை மின்சாரத்தை வாங்க முன்கூட்டியே ஒப்பந்தம் செய்தன. அந்த உறுதியின் மேல்தான் திவான் சேஷாத்ரி ஐயரின் மைசூர் அரசு முதலீடு செய்தது. பொறியாளர் ஜோலி டி லாட்பினியரின் திட்டம் உருப்பெற்றது.

ஒப்பந்தம் சுரங்கத்தோடு செய்யப்பட்டது. தொழிலாளரின் தட்டி வீடுகளோடு அன்று. வலையமைப்பின் வடிவமும் முதல் வாடிக்கையாளரின் தேவையையே பின்பற்றியது. நொடிக்கு 25 சுழற்சி என்ற அலைவெண் பெரிய மோட்டார்களுக்கு ஏற்றது. விளக்கொளியிலோ அது நடுக்கத்தைக் காட்டும். கோடையில் காவிரி வற்றினாலும் சுரங்கத்துக்கு மின்சாரம் தடைபடலாகாது என்பது, 1911இல் கிருஷ்ணராஜ சாகர் அணைப் பணி தொடங்கியதன் காரணங்களுள் ஒன்று. மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையிலான 1924 ஒப்பந்தம் வரை அதன் விளைவு நீண்டது.

இப்போது கண்ணாடி இழைக்கு வருவோம். இழையின் விலை அதிகமன்று. பள்ளம் தோண்டுவதும் கம்பம் நடுவதும் அனுமதி பெறுவதுமே பெருஞ்செலவு. நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளியை, மின்சாரம் தேவைப்படாத சிறு பிரிப்பான் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கும். ஆகவே முதல் வீட்டுக்கு இணைப்பளிப்பது செலவு மிக்கது. அடுத்தடுத்த வீடுகளுக்குச் செலவு குறையும். சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் லைன் வீடுகள் இத்தொழில்நுட்பத்துக்கு மிகப் பொருத்தமானவை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. முதலாவது, வகைப்பாடு. 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய நடுவணரசுத் திட்டம் கிராம ஊராட்சிகளை இலக்காகக் கொண்டது. தனியார் நிறுவனங்கள் பெருநகரை நாடுகின்றன. ராபர்ட்சன்பேட்டையோ நகரசபை, ஊராட்சியுமன்று, பெருநகருமன்று. இத்தகைய ஊர்களில் கடைவீதிக்கு இணைப்பு விரைவில் வரும். ஒதுக்குப்புறக் குடியிருப்புகள் காத்திருக்கும். இரண்டாவது, நிலம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூடப்பட்ட நிறுவனத்தின் நிலத்தில், உரிமைச் சிக்கல் தீராத வீடுகளுக்கு இடையே கம்பம் நட யார் கையொப்பமிடுவது? 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த வழியுரிமை விதிகள் அனுமதிக்கான நடைமுறையையும் காலவரையறையையும் வகுத்துள்ளன. குடியிருப்போருக்கு வீட்டுரிமையை அவை தரமாட்டா.

மூன்றாவதே முதன்மையானது: 1902இல் இருந்த அந்த ஒற்றைப் பெரிய வாடிக்கையாளர் இன்று இல்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரின் சிறு தேவைகள் இருக்கின்றன. அவற்றைத் தொகுத்து ஒரே உறுதியாக முன்வைக்க ஓர் அமைப்பு வேண்டும். அமெரிக்காவின் சட்டனூகா நகரில் அந்த வேலையைச் செய்தது, நகரத்துக்குச் சொந்தமான மின்வாரியம். தன் மின்கம்பங்கள் வழியே இழை இழுத்து, 2010இல் தன் எல்லைக்குட்பட்ட வீடுகளுக்கு நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பை அது வழங்கத் தொடங்கியது. நடுவணரசின் மானியமும் அதற்கு உதவியது. ராபர்ட்சன்பேட்டையிலும் பள்ளிகள், மருத்துவமனை, நகரசபை அலுவலகங்கள் ஆகியவற்றின் தேவையை ஒரே ஒப்பந்தமாக்கி, ‘லைன் வீடுகளுக்கும் இணைப்பு தர வேண்டும்’ என்பதை அதன் நிபந்தனையாக்க முடியும்.

மைசூர் அரசின் அன்றைய ஒப்பந்தத்தில் அத்தகைய நிபந்தனைக்கு இடமில்லை. அதைக் கேட்கும் நிலையில் தட்டி வீட்டார் வைக்கப்படவுமில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வாக்காளர்கள், கட்டணம் செலுத்துவோர், நம் வகுப்பறைகளின் மாணவர்கள். உள்கட்டமைப்பு வரலாற்றை ஆய்வோர் தொடக்க விழாத் தேதியோடு நின்றுவிடலாகாது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் யார், கம்பி எந்த வாசலில் நின்றது என்பவற்றையும் எழுத வேண்டும்.