பிரெஞ்சு தேசத்துக்குப் போன சீனப் பிள்ளைகள்

பாரிஸ் மாநகரத்தின் வடமேற்குப் புறத்தே, லா கரென் கொலோம்ப் என்னும் சிற்றூரில், முதல் உலக மகாயுத்தத்துக்குச் சில ஆண்டுகள் முன்னதாக லீ ஷிசெங் என்ற சீனர் சோயா மொச்சையிலிருந்து டோஃபு என்னும் கட்டி செய்யும் ஆலை ஒன்றை நிறுவி, அதில் வேலை செய்யத் தம் ஜில்லாவின் கிராமத்து வாலிபர்களை வரவழைத்து, வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் அவர்களுக்குப் பாடமும் சொல்லி வைத்தார். உழைக்கிறவன் படிக்கலாம் என்றால், படிக்க விரும்புகிறவன் ஏன் உழைக்கலாகாது? இந்தக் கேள்வியிலிருந்துதான், ‘கருத்தாய் உழைத்துச் சிக்கனமாய்ப் படிப்பது’ என்ற பெரும் இயக்கம் கிளைத்தது.

யுத்த காலத்தில் சுமார் 1,40,000 சீனக் கூலியாட்களைப் பிரான்சும் பிரிட்டனும் தருவித்து வேலை வாங்கியதைக் கண்டவர்களுக்கு, பிரெஞ்சு ஆலைகளில் கைக்கு வேலை என்றும் கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. அப்போது வெள்ளியின் விலை ஏறி, பிராங்கின் மதிப்பு இறங்கியிருந்தபடியால், சீனத்து வெள்ளி நாணயத்தைக் கொண்டுபோனால் செலவு வெகு சொற்பமாகவே தோன்றியது. 1919 மார்ச்சில் முதல் கோஷ்டி ஷாங்காயில் கப்பலேறிற்று. 1920 முடிவதற்குள் ஏறக்குறைய 1,600 பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அவர்களுள் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாயும் இருந்தார் என்பது பலர் அறியாத செய்தி. கெ ஜியன்ஹாவ் என்ற அந்த அம்மையார், மகன் சாய் ஹெசனுடனும் மகள் சாய் சாங்குடனும் கடல் கடந்து, மோந்தார்ஜி ஊரின் பெண்கள் பள்ளியில் பேத்தி வயதுப் பெண்களோடு உட்கார்ந்து பிரெஞ்சு எழுத்துக் கற்றார். செலவுக்குத் துணியில் பூவேலை செய்து விற்றார். நானறிந்தவரையில், அந்த இயக்கத்தின் பெயருக்கு முற்றிலும் பொருத்தமாக வாழ்ந்தவர் அவரே.

மற்றவர்களுக்கு வாய்த்தது வேறு. யுத்தம் முடிந்து போர்வீரர்கள் வீடு திரும்பினார்கள், வியாபாரம் மந்தித்தது, ஆலைகள் ஆட்களைக் கழித்துவிட்டன. தொழில் பயிலாத, பாஷை தெரியாத பிள்ளைகளை எந்த மேஸ்திரி விரும்புவான்? வேலையற்றோர் பலர் லா கரென் கொலோம்பிலே, தங்களை வரவழைத்த சீன-பிரெஞ்சுக் கல்விச் சங்கத்தின் தோட்டத்தில், கூடாரமடித்துக் குளிரில் கிடந்தார்கள். அந்தச் சங்கமோ 1921 ஜனவரியில், இனி இவர்களுடைய பணப் பொறுப்புத் தன்னைச் சேர்ந்ததன்று என்று கைவிரித்துவிட்டது. பிப்ரவரி 28இல் சீனத் தூதரகத்தின் முன் மாணவர்கள் திரண்டபோது போலீசார் கலைத்தனர். செப்டம்பரில், தங்களுக்கு இடமளிக்க மறுத்த லியோன் கல்வி நிலையத்துள் அவர்கள் புகுந்தபோது, 104 பேரைப் பிடித்துத் தேசத்தை விட்டே அனுப்பிவிட்டார்கள். சாய் ஹெசனும் அவர்களில் ஒருவர்.

கூலியின் கணக்கு எப்படிப்பட்டது என்று அறிய, 1920இல் பதினாறு வயதில் மார்செய் துறைமுகத்தில் இறங்கிய டெங் சியாவோபிங்கின் சரித்திரத்தைப் பார்த்தால் போதும். வீட்டிலிருந்து கொண்டுவந்த பணம் பாயூ ஊரின் பள்ளியில் சில மாதங்களுக்குள் கரைந்தது. 1921 ஏப்ரலில் லெ க்ரூஸோ எஃகு ஆலையில், பழுக்கக் காய்ந்த இரும்பை நீண்ட குறடுகளால் பற்றி இழுக்கும் வேலைக்குப் போய், மூன்று வாரத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியாமல் விலகினார். மறுவருஷம் பிப்ரவரியில், மோந்தார்ஜிக்கு அருகிலுள்ள ஹட்சின்சன் ரப்பர் ஆலையில் மழைக்கால மேல்ஜோடு செய்யும் பகுதியில் சேர்ந்து, ஆலையை அடுத்த மரக் கொட்டகையில் மற்றச் சீனர்களோடு தங்கி, அக்டோபர் வரையில் உழைத்துச் சேர்த்ததை எடுத்துக்கொண்டு மீண்டும் ஒரு பள்ளியை நாடினார். எட்டு மாதச் சம்பாத்தியம் பள்ளிச் செலவுக்குப் போதவில்லை. திரும்பவும் ரப்பர் ஆலைக்கே வந்து சில வாரங்களில் நின்றுவிட்டார். வேலை செய்ய மறுத்தவர், மீண்டும் சேர்க்கக் கூடாது என்று ஆலையின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குறிப்பு விழுந்தது.

ஐந்து வருஷத்துக்குமேல் பிரான்சில் கழித்து 1926 ஜனவரியில் மாஸ்கோவுக்குப் புறப்பட்ட அவர், பிரெஞ்சுச் சர்வகலாசாலை எதிலும் ஒரு நாளும் பயின்றதில்லை. இதற்காக அந்தப் பிள்ளையை நாம் குறை சொல்வதற்கில்லை. கூலி எவ்வளவு, பள்ளிச் சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் பாராமல் ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றிய பெரியவர்களையே குறை சொல்ல வேண்டும்.