மயிலாப்பூர் மாடவீதிகளும் விழாக்களும்

மயிலாப்பூர் (திருமயிலை) சென்னையின் தென்கிழக்கே, கடற்கரையை ஒட்டி அமைந்த பழைய ஊர். அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இறங்கி எல்டாம்ஸ் சாலை வழியாகக் கிழக்கே நடந்தால் ஆழ்வார்பேட்டையைக் கடந்து இவ்வூரை அடையலாம். சென்னைக்கு வரும் பயணிகள் தவறாமல் பார்க்கும் இடங்களான கபாலீசுவரர் கோயில், அதன் தெப்பக்குளம், சாந்தோம் பேராலயம், லஸ் மாதா கோயில் ஆகிய நான்கும் இங்கே சிறு தொலைவுக்குள் இருக்கின்றன.

மயிலாப்பூரைப் பற்றிய சுற்றுலாக் குறிப்புகள் பெரும்பாலும் கட்டடங்களையே விவரிக்கின்றன. ஆனால் இன்று கண்ணால் காணும் கட்டடங்களில் மிகப் பழையவற்றுக்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வயது கூற முடியாது. கோயிலின் கிழக்கு இராசகோபுரம் 1906இல் எழுந்தது. இங்கு நடைபெறும் விழாக்களுக்கோ ஏழாம் நூற்றாண்டிலேயே எழுத்துச் சான்று இருக்கிறது. கோயில் இடம் மாறியது, கரையும் ஆட்சியும் மாறின, விழாக்களின் மாதங்கள் பெரும்பாலும் மாறவில்லை. இந்த ஊரின் வரலாற்றைப் புரிந்துகொள்ள விழாவிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

பூம்பாவைப் பதிகம்

திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகம் பூம்பாவை என்ற பெண்ணை நோக்கிப் பாடப்பட்டது. பெரியபுராணம் கூறும் கதைப்படி, அவள் மயிலையில் வாழ்ந்த வணிகர் சிவநேசரின் மகள். பாம்பு தீண்டி இறந்த அவளுடைய எலும்பையும் சாம்பலையும் தந்தை ஒரு குடத்தில் இட்டுக் காத்துவந்தார். சம்பந்தர் அந்தக் குடத்தின் முன் நின்று பாட, அவள் உயிர்பெற்று எழுந்தாள்.

கதையின் சமயப் பொருள் ஒருபுறம் இருக்க, பதிகத்தின் அமைப்பு வரலாற்று மாணவர்களுக்கு அரிய செல்வம். இறந்த பெண்ணிடம் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு விழாவைச் சொல்லி, அதைப் பார்க்காமலே போகிறாயா என்று கேட்பதே அதன் போக்கு. அடியார்களுக்கு அமுது படைத்தல், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி நாள், பொன்னூஞ்சல், பெருஞ்சாந்தி என ஓர் ஆண்டின் விழாக்கள் அதில் வரிசையாக வருகின்றன. ஒரு தமிழ் ஊரின் விழா நாட்காட்டி இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. வாழ்வதற்குரிய காரணமாகப் பாடல் காட்டுவது ஊரின் விழாவைக் காண்பதையே என்பதும் கவனிக்கத்தக்கது.

பட்டியலின் தொடக்கத்தில் வருவது சோறிடுதல். பங்குனித் திருவிழாவின்போது மாடவீதிகளில் நீர்மோரும் பானகமும் புளியோதரையும் வாங்கி உண்டவர்களுக்கு இந்த வரிசை வியப்பளிக்காது.

கடலோர ஊர்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் 'மலியார்பா' என்ற கடற்கரை ஊரை ஆய்வாளர்கள் மயிலாப்பூராகக் கொள்கின்றனர். பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இக்கடற்கரையில் உள்ள புனித தோமையாரின் கல்லறையைப் பற்றி எழுதினார். போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கல்லறையைத் தேடி வந்து, 1523 அளவில் அங்கே தேவாலயம் எழுப்பி, சாந்தோம் என்ற குடியேற்றத்தையும் கோட்டையையும் அமைத்தனர்.

பழைய கபாலீச்சரம் கடற்கரையை ஒட்டியே இருந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. தேவாரத்தின் கடல் வருணனைகளும், பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதரின் பாடல்களும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அக்கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது. இடிக்கப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து; கடல் அரிப்பையும் ஒரு காரணமாகச் சொல்வோர் உண்டு. 1920களின் தொடக்கத்தில் ஹோஸ்டன் என்ற இயேசு சபைத் துறவி சாந்தோம் வளாகத்திலும் சுற்றுப்புறங்களிலும் அகழ்ந்தபோது தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் பழைய கட்டடக் கற்களும் கிடைத்தன. அவற்றில் சோழர் காலத்தவையும் இருந்தன. தாம் கண்டவற்றை அவரே பதிப்பித்து வெளியிட்டது அவருடைய நேர்மைக்குச் சான்று.

சாந்தோமின் ஆட்சியும் நிலையாக இருக்கவில்லை. 1672இல் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1674இல் கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் சேர்ந்து அவர்களை வெளியேற்றினர். கோட்டை மதில்கள் அதன் பின்னர் இடிக்கப்பட்டன. 1749இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று வானளாவும் வெண்ணிறப் பேராலயம் போர்த்துகீசியர் முதலில் கட்டியது அன்று. பழைய கட்டடத்தை அகற்றிவிட்டு 1893 முதல் 1896 வரை கோத்திக் பாணியில் எழுப்பியது. 1986இல் இந்தியா வந்த போலந்துக்காரரான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்குள்ள கல்லறையில் வழிபட்டார்.

மேற்கே இருக்கும் லஸ் மாதா கோயிலின் கல்லில் 1516 என்ற ஆண்டு காணப்படுகிறது. அந்த ஆண்டு குறித்து வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், புனித ஜார்ஜ் கோட்டைக்கு முந்தியது இத்தேவாலயம் என்பதில் ஐயமில்லை. ஊரார் இதை இன்றும் காட்டுக்கோயில் என்கின்றனர். இன்று நகரின் மிக நெரிசலான சந்திப்புகளில் ஒன்றான லஸ், ஒருகாலத்தில் காடாக இருந்ததை இந்தப் பெயர் மட்டுமே நினைவூட்டுகிறது.

குளமும் ஏரியும்

இப்போதைய கபாலீசுவரர் கோயில் கடலிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக விலகிக் கட்டப்பட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுப் பழமையுடையது. மூலவர் மேற்கு நோக்கி இருப்பதால், பெரிய கோபுரம் கிழக்கில் இருந்தாலும் சன்னதியின் முகம் மேற்கே உள்ள தெப்பக்குளத்தைப் பார்க்கிறது. புகைப்படத்துக்காகக் கிழக்குக் கோபுரத்தின் முன் நிற்கும் பயணி, கோயிலின் பின்புறத்தில் நிற்கிறார் என்றே சொல்ல வேண்டும். குளத்துக்குரிய நிலத்தை ஆர்க்காட்டு நவாப் அளித்தார் என்றும், அதனால் முகரம் நாளில் இசுலாமியர் இக்குளத்தைப் பயன்படுத்தும் உரிமை பெற்றனர் என்றும் கூறப்படுகிறது.

கோயிலையும் குளத்தையும் சேர்த்துச் சுற்றும் நான்கு தெருக்களே மாடவீதிகள். மேற்குப் பக்கத்துத் தெரு இன்று இராமகிருஷ்ண மடம் சாலை என்ற பெயரில் பேருந்துச் சாலையாகிவிட்டது. ஆனாலும் தேர் நாளில் அது மாடவீதியாகவே மாறுகிறது.

ஊருக்கு மேற்கு எல்லையாக முன்பு இன்னொரு நீர்நிலை இருந்தது. நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் இணைந்த நெடிய ஏரி, தேனாம்பேட்டையை ஒட்டி, இன்றைய அண்ணா சாலைக்கு மேற்கே பரந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் அதில் படகுப் போட்டிகள் நடத்தினர். 1920களில் ஏரியைத் தூர்த்து வீட்டுமனைகளாக்கியபோது தியாகராய நகர் உருவானது. இன்று அப்பகுதியில் துணி வாங்க வருவோர் ஏரியின் தரையில் நடக்கின்றனர். மயிலாப்பூரின் பெயர் தாங்கிய ஏரி போனது. கோயில் குளம் தப்பியது. தெப்பத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பது குளம் தப்பியதற்கு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம். தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவுகள் இங்குத் தெப்பத் திருவிழா நடைபெறுகிறது.

பங்குனிப் பெருவிழா

ஆண்டின் பெரிய விழா பங்குனியில் பத்து நாள் நடக்கிறது. மூன்றாம் நாள் காலையில் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவில் வெள்ளி இடப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர், பத்தாம் நாள் திருக்கல்யாணம் என்பது வரிசை. இவற்றில் ஊரைத் தாண்டிப் புகழ்பெற்றது அறுபத்துமூவர் விழா. அன்று காலையில் குளக்கரையில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சி நடத்திக் காட்டப்படுகிறது. பிற்பகலில் நாயன்மார்களின் செப்புத் திருமேனிகள் சிறு பல்லக்குகளில் கபாலீசுவரரோடு மாடவீதிகளை வலம் வருகின்றன.

இந்த ஊர்வலத்தில் கபாலீசுவரர் கோயிலின் திருமேனிகள் மட்டும் வருவதில்லை. ஊரின் எல்லைக் காவல் தெய்வமான கோலவிழி அம்மனும், முண்டகக்கண்ணி அம்மனும், தமக்கென இவ்வூரில் கோயில் உள்ள திருவள்ளுவரும் வாசுகியும் சேர்ந்துகொள்கின்றனர். ஒரே பிற்பகலில் மயிலாப்பூரின் பல கோயில்களும் பல சமூகத்தாரும் ஒரே தெருவில் கூடுகின்றனர். எந்த அருங்காட்சியகமும் இப்படி ஓர் ஊரைத் தொகுத்துக் காட்ட முடியாது. முதன்முறை வருவோர் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது: பிற்பகலுக்குப் பின் வீதிக்குள் நுழைவது கடினம், முன்னதாகவே வந்து வடக்கு மாடவீதியில் ஓரமாக இடம்பிடிப்பதே வழக்கம்.

மாசி மகத்தன்று உற்சவமூர்த்தி கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். பதிகம் பாடப்பட்ட காலத்தில் கோயில் வாசலிலேயே நடந்திருக்கக்கூடிய கடலாட்டு இது. கோயில் இடம்பெயர்ந்த பிறகு சுவாமி கடலைத் தேடிச் செல்கிறார். விழாவை விட்டுவிடுவது எளிதாக இருந்திருக்கும். ஊரார் வழியை நீட்டிக்கொண்டனர்.

வீதியிலிருந்து சபாவுக்கு

மார்கழியில் மயிலாப்பூருக்கு வருவோரில் பலர் வழிபாட்டுக்காக அன்றி இசைக்காக வருகின்றனர். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாடு கூடியபோது உடன் நடந்த அகில இந்திய இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதமி தோன்றியது. அதன் ஆண்டு மாநாட்டை ஒட்டி வளர்ந்ததே டிசம்பர் இசை விழா. மயிலாப்பூரில் இரசிக ரஞ்சனி சபா 1929இலும், மயிலாப்பூர் பைன் ஆர்ட்ஸ் கிளப் 1951இலும் தொடங்கின. அருகிலேயே ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபா 1958இல் வந்தது. நுழைவுச்சீட்டு, இருக்கை எண், நிகழ்ச்சி நேரம் ஆகியவற்றோடு இசை மண்டபத்துக்குள் சென்றது.

அதே ஆண்டுகளில் வீதியிலும் இசை இருந்தது. பாபநாசம் சிவன் (1890–1973) மார்கழி விடியலில் மாடவீதிகளைச் சுற்றிப் பாடிச்செல்லும் பஜனையைப் பல ஆண்டுகள் நடத்தினார். கபாலீசுவரர் மீதும் கற்பகாம்பாள் மீதும் அவர் இயற்றிய கீர்த்தனைகள் இன்று மேடைகளில் பாடப்படுகின்றன. அவற்றைக் கட்டணம் செலுத்திக் கேட்பவர்களில் எத்தனை பேர், அவை இந்தத் தெருக்களின் பாடல்கள் என்பதை நினைக்கின்றனரோ! சபாக்களின் தனிச்சிறப்பான உணவகங்கள் மட்டும் பழைய மரபை வேறு வடிவில் காக்கின்றன. கச்சேரியைப் பற்றிய பேச்சுக்கு நிகராக அன்றைய அசோகா அல்வாவைப் பற்றிய பேச்சும் நடக்கும் இடங்கள் அவை.

2017இல் யுனெசுகோ இசைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சென்னையைச் சேர்த்தது. அந்தப் பெருமைக்கு மயிலாப்பூர் வீதியும் சபாவும் சேர்ந்தே காரணம்.

எதைக் காப்பது?

இடிந்த ஊரை மீட்டெடுத்தல் பற்றிப் பேசும்போது போலந்தின் வார்சா நகரம் பொருத்தமான ஒப்பீடு. 1944இல் செருமானியர் திட்டமிட்டு அழித்த அதன் பழைய நகரை, பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் பெல்லோட்டோ வரைந்த காட்சிகளையும் துணையாகக் கொண்டு மக்கள் மீண்டும் எழுப்பினர். 1980இல் அது உலக மரபுச் சின்னமானது. கட்டடங்கள் புதியவை என்பது அதற்குத் தடையாகவில்லை. மீட்டெழுப்பிய செயலே மரபாக மதிக்கப்பட்டது. மயிலாப்பூரும் அழிந்து வேறிடத்தில் எழுந்த ஊர். வார்சாவுக்கு ஓவியங்கள் உதவின. மயிலைக்கு விழா முறை உதவியது.

சென்னையில் மரபுப் பாதுகாப்பு பெரும்பாலும் கட்டடப் பட்டியலாகவே அமைந்துள்ளது. விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த நானூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றது. 2012இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. இவை தேவையானவையே. ஆனால் ஊர்வலம் செல்லும் வழிக்கும், பல்லக்கு நின்று தீபாராதனை ஏற்கும் வாசலுக்கும் பட்டியலில் எளிதில் இடம் கிடைப்பதில்லை.

மாடவீதிகளில் திண்ணை வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகவும் நகைக்கடைகளாகவும் மாறிவிட்டன. வாசலில் சுவாமிக்குத் தேங்காய் உடைக்க நிற்கும் குடும்பங்கள் குறைந்துள்ளன. அவர்களில் பலர் புறநகர்களிலிருந்து அன்று மட்டும் வருகின்றனர். லஸ் சந்திப்பில் நிலத்தடி மெட்ரோ நிலையத்துக்கான பணி நடைபெறுகிறது. அது முடிந்தால் விழாக்கூட்டம் வந்து செல்வது எளிதாகும். அதோடு மனை விலை ஏறி எஞ்சிய வீடுகளும் விற்கப்படக்கூடும்.

இந்நூற்றாண்டில் புதிய வழக்கம் ஒன்றும் வேரூன்றியுள்ளது. சனவரியில் நடைபெறும் மயிலாப்பூர் விழாவில் மரபு நடைகளும் தெருவோர நிகழ்ச்சிகளும் இடம்பெறுகின்றன. வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி நடத்தப்படுகிறது. போக்குவரத்தை நிறுத்தி, தார்ச்சாலையில் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, வாசல் இல்லாத வீடுகளில் வாழும் பெண்களும் ஆண்களும் அரிசி மாவோடு அமர்கின்றனர். குறித்த நேரத்துக்குள் புள்ளி வைத்து முடிக்க வேண்டும். நடுவர்கள் பார்த்த பின் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கோலங்களின் இடையே நடக்கின்றனர். இரவில் சாலை மீண்டும் வண்டிகளுக்குத் திறக்கப்படுகிறது.