இறங்காத விதை

பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களை எங்கள் ஊரில் எந்தப் பௌர்ணமியிலும் பார்க்கலாம். வரம் பலித்தவர்கள் கார்த்திகைத் திருவிழாவில் கரும்புத் தொட்டிலில் குழந்தையைப் போட்டு மாடவீதி சுற்றுவார்கள். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், பிள்ளை இல்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று திதி கொடுக்கிறார். அந்தக் கதையில் பிள்ளை இல்லாத குறை ராஜாவின் குறை. வீடுகளில் அப்படி இல்லை. குறை எப்போதும் பெண்ணுடையதுதான். மலடன் என்ற சொல் அகராதியில் இருக்கிறது, தெருவில் நான் கேட்டதில்லை.

இன்று எழுதப்போவது கொஞ்சம் சங்கோசமான விஷயம். எழுபது தாண்டியவனுக்கு என்ன சங்கோசம் என்று துணிந்து எழுதுகிறேன். பேரன் பேத்தி எடுத்தவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

ஆண் குழந்தையின் விதைகள் முதலில் விதைப்பையில் இருப்பதில்லை. தாயின் வயிற்றில் கரு வளரும்போது அவை சிறுநீரகத்துக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கி, ஏழாம் மாதத்துக்கு மேல் கவட்டைத் தாண்டி, பிறப்பதற்குள் பைக்கு வந்து சேர்கின்றன. நிறைமாதத்தில் பிறக்கும் நூறு ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒரு விதையோ இரண்டுமோ வழியிலேயே நின்றுவிடுகின்றன. குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். முதல் சில மாதங்களில் பலருக்குத் தானாக இறங்கிவிடும். ஒரு வயதில் பார்த்தால் நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் இறங்காமல் இருக்கும்.

இந்தப் பயணத்தை விளக்கமாக எழுதியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் ஹன்டர். 1762-இல் அவருடைய அண்ணன் வில்லியம் ஹன்டர் வெளியிட்ட நூலில் அது வந்தது. விதைக்கு வழிகாட்டிக் கீழே கொண்டுவரும் நாண் போன்ற தசைக்கு அவர் குபெர்னாகுலம் என்று பெயர் வைத்தார். லத்தீனில் அதற்குக் கப்பலின் சுக்கான் என்று பொருள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு உடனே பிடிபட்டது: சுக்கானுக்குப் பிரெஞ்சில் சொல்லும் குவெர்னாய் இதிலிருந்து பிறந்ததுதான், அரசாங்கத்துக்குச் சொல்லும் குவெர்ன்மானும் அதே குடும்பம். அரசாங்கத்தில் பேனா பிடித்தே காலம் தள்ளியவனுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

காரணம் தெரிந்தும் நூறு ஆண்டுக்கு மேல் பரிகாரம் இல்லை. கத்தி வைத்தால் சீழ் பிடிக்கும் காலம் அது. லிஸ்டர் கிருமிநாசினி முறையைக் கொண்டுவந்த பிறகு, 1877-இல் எடின்பரோவில் தாமஸ் அன்னன்டேல் மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, இடம் மாறி நின்ற விதையைப் பையில் கொண்டுவந்து வைத்துத் தைத்தார். வெற்றிகரமாக நடந்த முதல் சிகிச்சையாக இதைத்தான் சொல்கிறார்கள். 1899-இல் சிகாகோவில் ஆர்தர் பெவன் இந்தச் சிகிச்சைக்கு ஒழுங்கான முறை வகுத்தார்.

இறக்கி வைத்த விதை திரும்ப மேலே ஏறிக்கொள்வது ஒரு தொல்லை. பாரிஸில் லூயி ஓம்ப்ரெதான் 1910-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். விதைப்பையின் நடுவில் ஒரு தடுப்பு உண்டு. அதில் சிறு துளை போட்டு, விதையை அடுத்த பக்கத்து அறைக்குள் தள்ளிவிட்டால் அது திரும்பிப் போகாது. இரத்தக்குழாய் குட்டையாக இருந்து விதை கீழே எட்டாதவர்களுக்கு, 1959-இல் மெல்பர்னில் ஃபவுலரும் ஸ்டீபன்ஸும் வழி கண்டார்கள். முக்கியக் குழாயைத் துண்டித்துவிட்டு, விந்துக்குழாயோடு வரும் சிறிய நாளத்தின் இரத்தத்திலேயே விதையை வாழவைக்கும் முறை அது.

இப்படிக் கைத்திறன் வளர்ந்ததே தவிர, எந்த வயதில் செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முன்பாதியில் பையன் பெரியவனாகும் வரை காத்திருப்பதே வழக்கம். தானாக இறங்கிவிடும் என்ற நம்பிக்கைதான்.

அந்தக் காத்திருப்பின் விலையை நான் நேரில் பார்த்தேன். 1970களின் கடைசி. புதுச்சேரியில் எங்கள் அலுவலகத்தில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. மனைவியைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டார் அவருக்கு இரண்டாம் கல்யாணம் செய்து வைத்தார்கள். அதிலும் பிள்ளை இல்லை. இரண்டாவது மனைவியின் அண்ணன் பிடிவாதமாக நின்றதால் இவர் ஒரு டாக்டரிடம் போனார். இரண்டு விதைகளும் பையில் இல்லை; விந்துப் பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை. அவருடைய அம்மாவைக் கேட்டபோது, "சின்னதுலேயே தெரியும், வளந்தா தானா எறங்கிடும்னு சொன்னாங்க" என்றாராம். முதல் மனைவி பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டார். அவரை யாரும் போய்ப் பார்த்து, உன்மேல் குறையில்லை அம்மா என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

விதை உடம்புக்குள் இருந்தால் ஏன் கெடுகிறது? 1920களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல் மூர் இதைச் சோதித்தார். செம்மறிக் கிடாவின் விதைப்பையைச் சூடு வெளியேறாதபடி பொதிந்து கட்டிவைத்தார். விதையில் உயிரணு உற்பத்தி குலைந்துபோனது. விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். உள்ளேயே தங்கிய விதைக்கு அந்தக் குளிர்ச்சி கிடைப்பதில்லை.

அந்தக் கெடுதல் எப்போது தொடங்குகிறது என்பதை 1970களில்தான் கண்டார்கள். ஸ்விட்சர்லாந்தில் ஹட்ஸிசெலிமோவிச் என்ற மருத்துவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, இரண்டாம் வயதிலேயே விதையில் மாற்றங்கள் தெரிகின்றன என்று காட்டினார். சிகிச்சைக்கான வயது பத்திலிருந்து ஐந்துக்கும், பிறகு இரண்டுக்கும் இறங்கியது. ஸ்டாக்ஹோமில், ஒரு பக்கம் இறங்காத குழந்தைகளைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு 9 மாதத்திலும் மீதிப் பேருக்கு 3 வயதிலும் சிகிச்சை செய்தார்கள். 9 மாதத்தில் செய்தவர்களுக்கே விதை நன்றாக வளர்ந்தது. இப்போது ஆறு மாதம் முடிந்ததும், ஒன்றரை வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்பதே பொதுவான கருத்து.

பிற்காலம் எப்படி? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் பீட்டர் லீ குழுவினர், சிறு வயதில் சிகிச்சை பெற்றவர்களைப் பெரியவர்களான பிறகு விசாரித்தார்கள். குழந்தைக்கு முயன்றவர்களில், ஒரு பக்கம் மட்டும் இறங்காமல் இருந்தவர்கள் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் தகப்பனானார்கள். எந்தக் குறையும் இல்லாதவர்களுக்கு அது 94. இரண்டு பக்கமும் இறங்காதவர்களுக்கு 65. இன்னொரு ஆபத்து புற்றுநோய். சிகிச்சை பெற்ற ஏறக்குறைய 17,000 பேரைக் கவனித்த ஸ்வீடன் ஆய்வு 2007-இல் வந்தது. பதின்மூன்று வயதுக்கு முன் செய்துகொண்டவர்களுக்கு விதைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் இரண்டு மடங்கு. அதற்குப் பின் செய்துகொண்டவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேல். அந்த நோய் அரிது என்பது ஆறுதல். ஆனாலும் சிகிச்சை முடிந்தவர்களும் பெரியவர்களான பிறகு தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது நல்லது.

காலம் தவறிவிட்டவர்களுக்கும் இன்று வழி முற்றிலும் அடைபடவில்லை. ஒரே ஒரு உயிரணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்திக் கருத்தரிக்க வைக்கும் முறையை 1992-இல் பிரஸ்ஸல்ஸில் அறிவித்தார்கள். நம் ஊர்களிலும் அது நடக்கிறது. ஆனால் செலவு பெரிது, பலன் நிச்சயமில்லை. ஒரு வயதில் செய்தால் பெரும்பாலும் சிறு கீறலோடு முடிகிற காரியம் இது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும், எங்கள் பழைய ஊர்ப் பக்கம் ஜிப்மரிலும், இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் வேலூர் சி.எம்.சி.யிலும் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

இதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் வீட்டுப் பாட்டிதான். குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது பார்க்கலாம். சில குழந்தைகளுக்குக் குளிரிலோ தொட்டாலோ விதை மேலே ஏறிக்கொள்ளும், வெந்நீரில் தானே கீழே வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். வெந்நீரிலும் பை காலியாகவே இருந்தால், ஆறு மாதம் ஆனதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்விடுங்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், எங்கள் அலுவலகத்து மனிதரின் கதையைச் சொல்லுங்கள். அவருடைய முதல் மனைவியின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.